எண்மர் ஆடிய பந்தயம்

விளையாட்டுப் பந்தயங்களின் முடிவுப் பட்டியல் வெளிவருங்கால், நம்மிற் பலர் அதன் கடைசி வரியை மட்டும் நோக்கி, வென்றவர் பெயரை மனத்திற்கொண்டு, தாளை மடித்து வைத்துவிடுகின்றோம். நாடகத்தின் இறுதிக் காட்சியை மட்டும் கண்டு வீடு திரும்புவோர்க்கும் நமக்கும் வேறுபாடு மிகுதியில்லை. முடிவுப் பட்டியல் என்பது பெயர்களும் எண்களும் நிரம்பியதொரு சிறு வரலாறு. அதனை முறையாகப் படிக்க விரும்புவோன் மூன்று கேள்விகளைக் கேட்டல் வேண்டும். வென்றவர் யார்? எவ்வாறு வென்றார்? அப்பந்தயத்தில் ஆடுதற்கு எவரெவர் இடம் பெற்றனர்? முதலிரண்டு கேள்விகட்கும் விடை பட்டியலிலேயே உளது. மூன்றாவது கேள்விக்கு விடை காணப் பட்டியலுக்குப் புறத்தேயும் நோக்குதல் வேண்டும். பெரும்பாலும் நாம் கேளாது விடுவதும் அக்கேள்வியே.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குதல் நலம். 1967ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இலண்டன் மாநகரையடுத்த விம்பிள்டனில், ஆடவர் ஒற்றையர் டென்னிஸ் பந்தயமொன்று நடைபெற்றது. ஆடியவர் எண்மரே, ஆடிய நாட்கள் மூன்றே. ஆயினும் அம்மூன்று நாட்களின் பயனாக அவ்விளையாட்டின் நெடுநாளைய சட்டமொன்று எட்டு மாதங்களுக்குள் சரிந்து வீழ்ந்தது. அப்பந்தயத்தின் முடிவுகளையும், அவற்றைப் படிக்கும் வகையினையும், அவற்றால் விளைந்தனவற்றையும் இக்கட்டுரையிற் கூறுவாம்.

முதற்கண் அந்நாளைய நிலைமையைச் சிறிது அறிதல் வேண்டும். விம்பிள்டன் பந்தயம் 1877இல் தொடங்கியது. அது முதல் 1967 வரை அங்கு ஆடும் உரிமை அமெச்சூர் ஆட்டக்காரருக்கே இருந்தது. அமெச்சூர் என்பார், ஆட்டத்தின்மேலுள்ள அன்பினால் ஆடுபவர். ஆடுதற்குக் கூலி கொள்ளாதவர். பணம் பெற்று ஆடுபவர் தொழில்முறையாளர் எனப்பட்டனர். ஒருவர் ஒருமுறை தொழில்முறை ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டாராயின், விம்பிள்டனும், ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, அமெரிக்கப் பெரும் பந்தயங்களும், டேவிஸ் கோப்பையும் அவருக்கு அடைபட்ட வாயில்களே. அவர் எத்துணைச் சிறந்த ஆட்டக்காரராயினும் விலக்கில்லை.

இவ்விதியின் நோக்கம் உயர்ந்ததே என்பதை மறுத்தற்கில்லை. விளையாட்டு வாணிபமாகிவிடலாகாது, பொருளாசை நேர்மையைக் கெடுத்துவிடலாகாது என்று கருதியே முன்னோர் அதனை வகுத்தனர். ஆனால் அதனைக் கைக்கொள்ளுதற்குச் செல்வமாவது, ஓய்வாவது வேண்டும். தொழிலாளியின் மகன் ஆண்டு முழுவதும் நாடு நாடாகச் சென்று ஆடுதல் எங்ஙனம்? ஆகவே பந்தயம் நடத்துவோர் சிறந்த அமெச்சூர்களுக்குப் ‘பயணச் செலவு’ என்னும் பெயரால் மறைவிற் பணம் அளித்துவந்தனர். பெறுவோரும் அறிவர்; கொடுப்போரும் அறிவர்; விதியைக் காப்போரும் அறிவர். வெளிப்படையாகப் பணம் பெற்றவன் புறத்தே தள்ளப்பட, மறைவாகப் பெற்றவன் மைய அரங்கில் ஆடினான். விதி காத்ததாகக் கூறிக்கொண்ட நேர்மையை அவ்விதியே அரித்துவிட்டதென்பது இதனாற் புலனாகும்.

புறத்தே தள்ளப்பட்டோர் யாவர்? அமெரிக்கராகிய ஜாக் கிரேமர் 1947இல் விம்பிள்டனை வென்று, அவ்வாண்டிலேயே தொழில்முறையாளரானார். பின்னர்த் தொழில்முறைக் குழுக்களை அமைத்து நடத்தும் தலைவருமானார். பாஞ்சோ கொன்சாலஸ் 1948, 1949ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் பட்டத்தை வென்று, இருபத்தொரு வயதிலேயே அவ்வழிச் சென்றார். ஆஸ்திரேலியராகிய லூ ஹோட் 1956, 1957 ஆகிய ஈராண்டும் விம்பிள்டனை வென்று, இரண்டாவது வெற்றியை அடுத்து ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டார். அவருடைய நண்பரும் எதிரியுமாகிய கென் ரோஸ்வால் அதற்குச் சில மாதங்கள் முன்னரே சேர்ந்திருந்தார். ஓராண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் வெல்லும் அருஞ்செயலை 1962இல் நிகழ்த்திய ராட் லேவர், அவ்வாண்டின் முடிவில் அமெச்சூர் நிலையைத் துறந்தார். இவர்கள் வாழ்க்கை சுகவாழ்க்கையன்று. இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர் என இரவெல்லாம் பயணஞ் செய்து, உடற்பயிற்சிக் கூடங்களிலும் பனிச்சறுக்கு மண்டபங்களிலும் கித்தான் விரிப்பைப் பரப்பி, அதன்மேல் ஆடிவந்தனர். செய்தித்தாள்கள் அவ்வாட்டங்களைப் பெரிதாகக் கருதவில்லை.

ஈண்டு ஒரு செய்தி கருதத்தக்கது. நான்கு பட்டங்களையும் வென்று உலகின் முதல்வர் எனப் புகழப்பெற்ற லேவர், 1963ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஹோட், ரோஸ்வால் ஆகிய இருவரோடும் ஆடிய முதல் 21 ஆட்டங்களில் 19இல் தோற்றார். ‘உலக முதல்வர்’ என்ற பெயர், உலகின் சிறந்தோர் பலர் விலக்கப்பட்ட பட்டியலிலிருந்து பிறந்ததென்பதை அவரே அன்று உணர்ந்தார். மற்றொரு சான்றும் உளது. ஆஸ்திரேலியராகிய ராய் எமர்சன் பெரும் ஒற்றையர் பட்டங்கள் 12 வென்றவர். அவ்வெண்ணிக்கை 2000ஆம் ஆண்டுவரை எவராலும் விஞ்சப்படவில்லை. அவற்றுள் 10 பட்டங்கள், லேவர் விலக்கப்பட்டிருந்த 1963 முதல் 1967 வரையுள்ள காலத்திற் பெற்றவை. எமர்சன் மெய்யாகவே சிறந்த வீரர். அவர் யாரையும் ஏமாற்றியவரல்லர். எனினும் அப்பட்டியலைப் படிக்குங்கால், அதிலில்லாத பெயரையும் உடன் நினைத்தல் கடனாகும்.

இவ்வரலாற்றில் நம்மவர் ஒருவரும் இடம் பெற்றுள்ளார். தமிழ்நாட்டு வீரராகிய ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய ஈராண்டும் விம்பிள்டன் அரையிறுதியை எட்டினார். 1961இல் மேற்கூறிய எமர்சனை நேர் செட்டுகளில் வென்று, அரையிறுதியில் லேவரிடம் 6-2, 8-6, 6-2 எனத் தோற்றார். கிரேமரின் தொழில்முறைக் குழுவில் சேருமாறு வந்த அழைப்பை அவர் ஏற்கவில்லை. அமெச்சூராகவே நின்று, 1966இல் இந்தியா டேவிஸ் கோப்பை இறுதியாட்டம்வரை செல்லத் துணை நின்றார். அவ்வழைப்பை ஏற்றிருப்பாராயின் நாட்டிற்காக ஆடும் உரிமையை இழந்திருப்பார். ஒரு மனிதன் தன் வாழ்வின் பயனையும் தன் நாட்டின் பெருமையையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்து நிறுக்குமாறு செய்த விதி அது.

இனிப் பந்தயத்திற்கு வருவோம். விம்பிள்டன் சங்கத்தின் தலைவராயிருந்த ஹெர்மன் டேவிட் என்பார், மறைவிற் பணம் வழங்கும் பொய்மையை வெறுத்தவர். தம் சங்கத்தின் வாயில்கள் யாவருக்கும் திறக்கப்படல் வேண்டுமென்று சில ஆண்டுகளாகவே வாதாடிவந்தவர். 1960இல் அகில உலக டென்னிஸ் சம்மேளனத்தின் கூட்டத்தில் இக்கருத்து ஐந்தே வாக்குகளாற் போதிய ஆதரவின்றித் தோல்வியுற்றிருந்தது. 1967இல் வேறொரு வாய்ப்பு வந்தது. அவ்வாண்டு ஜூலை 1ஆம் நாள், பி.பி.சி. நிறுவனம் விம்பிள்டன் ஆட்டங்களைக் கொண்டே பிரிட்டனில் வண்ணத் தொலைக்காட்சியைத் தொடங்கிற்று. அதனையொட்டித் தொழில்முறையாளர் பந்தயமொன்றனை அதே இடத்தில் நடத்தப் பரிசுப் பணம் தர அந்நிறுவனம் முன்வந்தது. டேவிட் இசைந்தார். மக்கள் வருவரா, ஆட்டம் அவ்வரங்கின் பெருமைக்குத் தக்கதாயிருக்குமா என்பதைக் கண்கூடாகக் காணலாமன்றோ?

அழைக்கப்பெற்ற எண்மர் இவர்கள்: ஆஸ்திரேலியராகிய ராட் லேவர், கென் ரோஸ்வால், லூ ஹோட், பிரெட் ஸ்டோல், அமெரிக்கராகிய பாஞ்சோ கொன்சாலஸ், டென்னிஸ் ரால்ஸ்டன், புட்ச் பக்ஹோல்ஸ், ஸ்பெயின் நாட்டினராகிய ஆண்ட்ரேஸ் ஹிமேனோ. ஆகஸ்டு 25 முதல் 28 வரை, இடைவந்த ஞாயிறு நீங்கலாக, ஆட்டங்கள் நடைபெற்றன.

எண்மர் ஆடும் பந்தயத்தில் முதற்சுற்றே காலிறுதியாகும். நால்வர் வெளியேற, நால்வர் எஞ்சுவர், அடுத்து இருவர், பின்னர் ஒருவர். ஆக மொத்தம் ஏழு ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டமும் ஒருவரை வெளியேற்றுவதால், எத்தனை பேர் ஆடினாலும் ஆட்டங்களின் தொகை ஆட்டக்காரர் தொகையினும் ஒன்று குறைவாகவே இருக்கும். 128 பேர் ஆடும் விம்பிள்டன் பெரும் பந்தயத்தில் 127 ஆட்டங்கள் என்பதும் இவ்வாறே.

காலிறுதியில் லேவர் ஸ்டோலை 6-4, 6-2 என வென்றார். ரோஸ்வாலும் ஹிமேனோவும் தத்தம் ஆட்டங்களில் வெல்ல, ரால்ஸ்டனும் பக்ஹோல்ஸும் வெளியேறினர். எஞ்சிய ஆட்டமே அச்சுற்றின் மணிமுடி. ஹோட் கொன்சாலஸை 3-6, 11-9, 8-6 என வென்றார்.

இவ்வெண்களைச் சற்று நின்று நோக்குவோம். ஒரு செட்டை வெல்வதற்கு ஆறு கேம்கள் வேண்டும். எதிரியினும் இரண்டு கேம்கள் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். 6-5 என்ற நிலையில் செட் முடியாது. இக்காலத்தில் 6-6 என்ற நிலை வந்தவுடன் டை-பிரேக் என்னும் குறுகிய முறையால் செட் முடிக்கப்படுகின்றது. விம்பிள்டனில் அம்முறை 1971இல்தான் புகுந்தது. 1967இல் இருவருள் ஒருவர் இரண்டு கேம்கள் முந்தும்வரை செட் நீண்டுகொண்டே செல்லும். ஆதலால் 11-9 என்ற எண், இருபது கேம்கள் ஒருவரையொருவர் விடாது பற்றிநின்ற போராட்டத்தைக் குறிக்கும். மூன்று செட்டுகளின் கேம்களையும் கூட்டினால் ஹோட் வென்றவை 22. கொன்சாலஸ் வென்றவை 21. நாற்பத்து மூன்று கேம்களில் வேறுபாடு ஒன்றே! ஹோட் முதுகு நோயால் பல்லாண்டு வருந்தியவர். கொன்சாலஸுக்கோ முப்பத்தொன்பது வயது. தம் இளமை முழுவதும் அவ்வரங்கிற்குப் புறத்தே கழித்தவர். அவ்விருவர் ஆட்டத்தைக் கண்டோர் தாம் கண்டதை மட்டுமன்றி, இத்தனை ஆண்டுகள் காணாது இழந்ததையும் உணர்ந்திருப்பர்.

அரையிறுதியில் லேவர் ஹிமேனோவையும், ரோஸ்வால் ஹோடையும் வென்றனர். ஆகஸ்டு 28ஆம் நாள் நிகழ்ந்த இறுதியாட்டத்தில் லேவர் ரோஸ்வாலை 6-2, 6-2, 12-10 என வென்று பட்டம் பெற்றார்.

கடைசி வரியை மட்டும் நோக்குபவன், நேர் செட்டுகளில் முடிந்த எளிய வெற்றி என்று கூறிவிடுவான். எண்களோ வேறு கதை கூறும். முதலிரண்டு செட்டுகளில் மொத்தம் 16 கேம்களே ஆடப்பட்டன. மூன்றாம் செட்டில் மட்டும் 22 கேம்கள். இரண்டு செட்டுகள் இழந்தபின் தளர்ந்து வீழாமல், முப்பத்திரண்டு வயதினராகிய ரோஸ்வால் இறுதிவரை தாங்கிநின்றார் என்பது அவ்வெண்ணிலேயே பொறிக்கப்பட்டுளது. லேவர் இடக்கையால் ஆடுபவர். பந்தைச் சுழற்றியடித்துத் துணிவுடன் முன்னேறுபவர். ரோஸ்வால் உடலாற் சிறியவர். அவருடைய பின்கையடி துல்லியத்திற்குப் பெயர்பெற்றது. ஐந்து ஆண்டுகளாகப் பல ஊர்களின் கித்தான் விரிப்புகளில் ஒருவரையொருவர் எதிர்த்துவந்த இருவரும், மைய அரங்கின் பசும்புல்லில் நிரம்பிய அவைமுன் ஆடினர்.

இதற்கு ஏழு வாரங்கட்கு முன், அதே அரங்கில், அமெச்சூர்களுக்குரிய விம்பிள்டன் இறுதியாட்டம் நிகழ்ந்திருந்தது. அதில் ஜான் நியூகோம் ஜெர்மானியராகிய வில்ஹெல்ம் புங்கெர்ட்டை 6-3, 6-1, 6-1 என வென்றார். இரண்டு முடிவுகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கின், அந்நாள் மக்கள் மனத்தில் எழுந்த வினா யாதென்று நமக்கும் விளங்கும். உலகத்தின் முதற் பந்தயம் என்று கூறிக்கொள்ளும் ஒன்று, உலகத்தின் முதல் ஆட்டக்காரரை வாயிலில் நிறுத்தலாமா?

வினாவிற்கு விடை விரைந்து வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் டென்னிஸ் சங்கம், அமெச்சூர் என்றும் தொழில்முறையாளர் என்றும் பிரித்தலைத் தன் நாட்டிற் பெரும்பான்மை வாக்கினால் ஒழித்தது. அகில உலக சம்மேளனத்திலிருந்து விலக்கப்படுவோம் என்னும் அச்சுறுத்தல் இருந்தும் அது பின்வாங்கவில்லை. 1968 மார்ச் 30ஆம் நாள் பாரிஸில் கூடிய சம்மேளனமும் இசைந்து, அவ்வாண்டிற் சில பந்தயங்கள் இருதிறத்தார்க்கும் பொதுவாக நடைபெறலாம் என விதித்தது. ஏப்ரல் மாதத்தில் இங்கிலாந்தின் போர்ன்மத் நகரில் முதலாவது பொதுப் பந்தயம் நடந்தேறியது. அதன் இறுதியில் ரோஸ்வால் லேவரை வென்றார். ஜூலையில் விம்பிள்டன் வாயில்கள் திறந்தன. லேவர் டோனி ரோச்சை 6-3, 6-4, 6-2 என வென்று, பரிசாக 2,000 பவுன் பெற்றார். அடுத்த ஆண்டு, 1969இல், நான்கு பெரும் பட்டங்களையும் இரண்டாம் முறையாக ஒரே ஆண்டில் வென்றார். இம்முறை யாரும் விலக்கப்பட்டிருக்கவில்லை. ஆகவே 1962இல் வென்ற நான்கினும் இந்நான்கிற்கு மதிப்பு மிகுதி என்று கூறுதல் பொருந்தும்.

இவ்வளவும் கூறியபின், அமெச்சூர்கள் யாவரும் தாழ்ந்தோர், தொழில்முறையாளர் யாவரும் உயர்ந்தோர் என்று எவரேனும் முடிவுகட்டுவாராயின் அஃது பிழையாகும். போர்ன்மத் பந்தயத்தில் மார்க் காக்ஸ் என்னும் பிரிட்டிஷ் அமெச்சூர், முதலில் கொன்சாலஸையும் பின்னர் எமர்சனையும் வென்று வியப்பை விளைத்தார்; எமர்சனும் அப்போது தொழில்முறையாளராகிவிட்டார். 1968ஆம் ஆண்டு அமெரிக்கப் பொதுப் பந்தயத்தை வென்ற ஆர்தர் ஆஷ் ஓர் அமெச்சூரே. அவர் அமெச்சூராயிருந்தமையால் முதற் பரிசாகிய 14,000 டாலரைப் பெறவியலவில்லை. அப்பணம் அவரிடந் தோற்ற டாம் ஆக்கருக்குச் சென்றது. வாயில் திறந்தமையால் இருதிறத்தாரும் பயனடைந்தனர். தொழில்முறையாளர் அரங்கு பெற்றனர். அமெச்சூர்கள் தம் வலிமையை மெய்யான உரைகல்லில் உரைத்துப் பார்க்கும் வாய்ப்புப் பெற்றனர்.

ஆயினும் இழந்த காலம் எவர்க்கும் மீளவில்லை. லேவர் விம்பிள்டனில் ஐந்து ஆண்டுகளை இழந்தார். எனினும் இருபுறத்தும் இரண்டிரண்டு பட்டங்கள் பெற்றார். கொன்சாலஸ் 1969இல், தம் நாற்பத்தொன்றாம் வயதில், சார்லி பசரெல் என்பாரை 22-24, 1-6, 16-14, 6-3, 11-9 என வென்றார். 112 கேம்கள் கொண்ட அவ்வாட்டம் இரண்டு நாட்களில் முடிந்தது. அதனை வாசிப்போர், இருபத்தைந்து வயதில் அவர் அங்கு ஆடியிருப்பின் எவ்வாறிருந்திருக்கும் என எண்ணாதிரார். ரோஸ்வாலின் செய்தி இன்னும் வருந்தத்தக்கது. அவர் 1954, 1956, 1970, 1974 ஆகிய நான்கு ஆண்டுகளில் விம்பிள்டன் இறுதியாட்டத்தில் ஆடி, நான்கிலும் தோற்றார். முதல் இறுதிக்கும் கடைசி இறுதிக்கும் இடையே இருபது ஆண்டுகள். அவ்விருபதில், 1957 முதல் 1967 வரை, பதினொரு முறை அவர் வாயிலுக்குப் புறத்தே நின்றார். அவருடைய ஆற்றல் உச்சத்திலிருந்த ஆண்டுகளும் அவையே. விம்பிள்டன் ஒற்றையர் வெற்றியாளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

அப்பட்டியலை நோக்கும் இளைஞன், ரோஸ்வால் என்பவர் விம்பிள்டனை வெல்லும் ஆற்றல் இல்லாதவர் என்று முடிவு செய்வானாயின், எண்களைப் படித்தவனாவான், வரலாற்றைப் படித்தவனாகான். தேர்வு முடிவாயினும், தேர்தல் முடிவாயினும், விளையாட்டு முடிவாயினும், பட்டியல் நம் கைக்கு வருங்கால் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்துச் செல்லுதல் நன்று. தோற்றவர் எத்தனை கேம்களில் தோற்றார் என்று நோக்குவோம். பின்னர், ஆட வந்தோர் யாவர், வர விரும்பியும் வரவியலாதோர் யாவர் என்று கேட்போம். ஹெர்மன் டேவிட்டும் அவரைச் சார்ந்தோரும் இக்கேள்வியைக் கேட்டமையாலேயே, 1968இல் லேவரும் ரோஸ்வாலும் கொன்சாலஸும் மீண்டும் விம்பிள்டன் பெரும் பந்தயத்தின் பட்டியலில் இடம் பெற்றனர்.